அந்த 'மர்ம ட்ரோன்' என்னுடையது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் 'குன்றின் மேல் மர்ம ட்ரோன். பொதுமக்கள் பீதி' என்று ஒரு செய்தி வந்திருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றாலைகளில் 26 வருடம் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வயது 66. பொதுமக்கள் பார்த்துப் பயந்த பொருள் என்னுடையதுதான், ரிமோட்டில் நான் பறக்கவிடும் மாதிரி விமானம். செய்தி எழுதிய தம்பி என் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் டீயும் கொடுத்து விஷயத்தையும் சொல்லியிருப்பேன். தட்டவில்லை. அதனால் கடிதம் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேமரா பொருத்தப்பட்டிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கேமரா கிடையாது. அதற்குள் இருப்பது நான்கு சிறிய பேட்டரி, ரிமோட்டின் சிக்னலை வாங்க ஒரு ரிசீவர், இறக்கையின் பின்விளிம்பை அசைக்க இரண்டு சர்வோ மோட்டார், மூக்கில் எடைக்காக ஒரு ஈயக்கட்டி. சிவப்பு விளக்கு எரிந்தது என்கிறீர்கள். அது அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் சிவப்பு டேப். மாலை ஆறு மணி வெயில் மேற்கிலிருந்து நேராக அதில் பட்டால் ஊரில் நின்று பார்ப்பவர்களுக்கு விளக்கு போலத்தான் தெரியும். 'வெளிநாட்டுத் தயாரிப்பு' என்பது அரை உண்மை. சர்வோவின் மேல் சீனாவில் செய்தது என்று ஒட்டியிருந்தது. மற்றபடி அது ஃபோமும் கார்பன் குச்சியும் வைத்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் செய்தது. பசை காயும் வரைக்கும் இரண்டு நாள் குடும்பமே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது. என் மனைவியிடம் கேட்டால் தேதியோடு சொல்வாள்.

'பயங்கர இரைச்சலுடன் பறந்தது' என்று எழுதியிருப்பது மட்டும் முழு உண்மை. ஆனால் அதில் இன்ஜின் இல்லை, விசிறி இல்லை, தள்ளிவிட எதுவுமே இல்லை. இன்ஜின் இல்லாத சாமான் ஏன் சத்தம் போட்டது என்று உங்கள் செய்தியாளர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் செய்தி வேறு மாதிரி வந்திருக்கும். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இதன் பெயர் கிளைடர். நாங்கள் செய்வது சரிவுப் பறத்தல். எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வைகாசி கடைசியில் தொடங்கி புரட்டாசி வரைக்கும் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும். மலைத்தொடரில் இங்கே ஒரு சந்து இருக்கிறது, மலையாளக் கரையில் தேங்கும் காற்று அதில் நெருக்கியடித்து வரும். அதை நம்பித்தான் முப்பந்தலில் இத்தனை காற்றாலை நிற்கிறது. எங்கள் ஊரில் காற்றாலை என்று யாரும் சொல்வதில்லை, காத்தாடிதான். அந்தக் காற்று ஒரு குன்றின் மேற்குச் சரிவில் வந்து மோதினால் வேறு போக்கிடம் இல்லாமல் மேலே ஏறும். கிளைடர் எப்போதும் கீழேதான் இறங்கிக்கொண்டிருக்கும். ஆனால் அது இறங்குவதைவிட வேகமாகக் காற்று ஏறினால் மொத்தத்தில் அது மேலேதான் போகும். செம்பருந்து ஒரு சிறகையும் அசைக்காமல் குன்றுக்கு முன்னால் ஒரே இடத்தில் நிற்கிறதே, அதே வேலைதான்.

இதை எனக்குக் காட்டியவர் ஒரு டென்மார்க் இன்ஜினியர். 1993-ல் மெஷின் ஏற்ற வந்தவர். மூன்று மாதம் எங்களோடு இருந்தார், கடைசி வரைக்கும் ரசத்தைச் சூப் என்றே சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீளமான மரப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து என்னையும் குன்றுக்குக் கூட்டிப்போனார். பெட்டிக்குள் பால்சா என்ற லேசான மரத்தில் செய்த இறக்கை. உச்சிப் பாறையில் நின்று, பள்ளத்தைப் பார்த்து, ஈட்டி எறிவது போல எறிந்தார். போச்சு, நொறுங்கப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் எங்கள் தலைக்கு மேல் நிற்கிறது. நாற்பது நிமிஷம் அது இறங்கவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த என் மூக்குக் கண்ணாடியைக் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அதைத் தேடிக்கூடப் போகவில்லை நான்.

அவர் ஊர் மேற்கு டென்மார்க். மலையே இல்லாத நாடு. கடலோரத்தில் வீடு உயரத்துக்கு நிற்கும் மண்மேடுகளில்தான் பறக்கவிடுவார்களாம். ஹான்ஸ்ட்ஹோல்ம் என்ற இடத்தில் பல நாட்டுக்காரர்கள் வந்து போட்டியே நடத்துகிறார்கள். சரிவுக்கு முன்னால் 100 மீட்டர் இடைவெளியில் இரண்டு எல்லை. அதற்குள் பத்து முறை போக வேண்டும், மொத்தம் ஒரு கிலோமீட்டர். நல்ல காற்றில் அரை நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்கள். அந்த மண்மேட்டுக்கே அப்படி என்றால் ஆடி மாதத்து ஆரல்வாய்மொழிக்கு என்ன குறை?

ஆனாலும் மேற்குச் சரிவில் பறக்கும்போது சத்தம் வராது. சத்தம் வந்தது கிழக்குப் பக்கத்தில். அங்கேதான் இந்தக் கடிதத்தின் விஷயமே இருக்கிறது.

குன்றின் கிழக்குப் பக்கம் காற்று மறைவு. உச்சியில் நின்றால் வேட்டி படபடவென்று அடிக்கும், பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது. கிழக்கே இருபது அடி இறங்கினால் தீக்குச்சி அணையாமல் பீடி பற்றவைக்கலாம். தலைக்கு மேலே காற்று ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் சும்மா நிற்கும் காற்றில் இருப்பீர்கள். இரண்டுக்கும் நடுவே எல்லை போட்டது போல ஒரு மெல்லிய அடுக்கு. காற்றாலைக்காரனுக்கு அந்த அடுக்கு ஜென்ம விரோதி. மேட்டுக்குக் கிழக்கே நிறுத்திய மெஷினில் இறக்கை ஒரு சுற்றுக்குள்ளேயே ஓடும் காற்றையும் நிற்கும் காற்றையும் மாறிமாறி வாங்கும். அந்த மெஷின்களின் கியர்பாக்ஸைத்தான் நாங்கள் அடிக்கடி இறக்கினோம். கையெல்லாம் கிரீஸோடு அந்த அடுக்கைத் திட்டாத நாள் கிடையாது. பிற்காலத்தில் அதே அடுக்குக்கு நான் ரசிகனாவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் ஸ்பேனரை எறிந்திருப்பேன்.

கணக்கு இதுதான். உச்சிக்கு மேலே காற்று மணிக்கு 40 கி.மீ. கிழக்கு நோக்கி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளைடர் அதே திசையில், காற்றுக்குள் 60 வேகத்தில் போகிறது. தரையிலிருந்து பார்த்தால் அதன் வேகம் 100. இப்போது அது அடுக்கைக் கடந்து கீழே, காற்று மறைவுக்குள் பாய்கிறது. அங்கே காற்று ஓடவில்லை. ஆகவே அதன் இறக்கைக்கு இப்போது 100 வேகம். அப்படியே வளைந்து மேற்கே திரும்பி, மறுபடி உச்சிக்கு மேலே தலைகாட்டுகிறது. எதிரே 40 வேகத்தில் காற்று வருகிறது. இறக்கைக்கு இப்போது 140. ஒரு சுற்றுக்குள் 60 என்பது 140 ஆகிவிட்டது. அடுத்த சுற்றில் இன்னொரு 80. உண்மையில் காற்றின் உராய்வு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பங்கைத் தின்றுவிடும்; வேகம் கூடக் கூட அதன் பசியும் கூடும். வரவும் செலவும் சரியாகிற இடத்தில் வேகம் நிற்கும். அந்த இடம் காற்றின் வேகத்தைப் போலப் பத்து மடங்கு வரை போகலாம் என்கிறார்கள்.

இதை ரேடியோ கிளைடரில் முதலில் செய்தவர் என்று ஜோ வுர்ட்ஸ் என்ற அமெரிக்கரைச் சொல்வார்கள். 1990-களின் நடுவில், தெற்கு கலிஃபோர்னியாவில். காற்று மறைவுப் பக்கம் போனால் விமானம் போச்சு என்று எல்லாரும் பயந்த இடத்துக்குள் வேண்டுமென்றே விட்டுப் பார்த்தார். அதே தெற்கு கலிஃபோர்னியாவில் பார்க்கர் மலை என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே 2021 ஜனவரியில் ஸ்பென்சர் லிசன்பி என்பவர் தன் கிளைடரை மணிக்கு 548 மைல் வேகத்தில் ஓட்டினார். நம் கணக்கில் 882 கி.மீ. டெல்லிக்குப் போகிற ஜெட் விமானத்தின் வேகம். ரேடார் துப்பாக்கி வைத்து அளந்தார்கள். இன்ஜின் கிடையாது, பெட்ரோல் கிடையாது, ஒரு மலையும் காற்றும் மட்டும். என் தங்கை மகன் அந்த வீடியோவை அனுப்பியபோது ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. விமானம் கண்ணில் படவே இல்லை, சத்தம்தான் வந்து வந்து போனது. காலையில் எழுந்து நோட்டில் கணக்குப் போட்டேன். அந்த வேகத்தில் 60 மீட்டர் ஆரத்தில் வட்டம் அடித்தால் இறக்கையின் மேல் விழும் பாரம் அதன் எடையைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு. அதைத் தாங்கும் இறக்கை என் சாப்பாட்டு மேஜையில் பிறக்காது. நான் அந்த ஆளே இல்லை.

இன்னொன்று, ஆசிரியரே, இது உங்களுக்குப் பிடிக்கும். இந்த விஷயம் உலகத்துக்குத் தெரிந்ததே ஒரு பத்திரிகைக் கடிதத்தால்தான். 1883-ல் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழுக்கு ஆங்கிலேய விஞ்ஞானி ராலே பிரபு எழுதினார். அசாமில் நாரைகளும் கூழைக்கடாக்களும் இறக்கை அசைக்காமல் மேலேறுவதைப் பார்த்து ஒருவர் எழுதியிருந்ததற்குப் பதில் அது. இறக்கை அடிக்காமல் ஒரு பறவை போய்க்கொண்டே இருக்கிறது என்றால் மூன்றில் ஒன்று நடக்க வேண்டும் என்றார்: அது இறங்கிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது காற்று மேலோ கீழோ சாய்ந்து வீச வேண்டும், அல்லது காற்று எல்லா இடத்திலும் ஒரே சீராக வீசாமல் இருக்க வேண்டும். எங்கள் குன்றின் மேற்குப் பக்கம் இரண்டாவது. கிழக்குப் பக்கம் மூன்றாவது. தென்கடலில் அல்பட்ராஸ் பறவை அலைகளுக்கு மேலே காலம் முழுக்கச் செய்வதும் மூன்றாவதுதான். அலையோரம் காற்று மெதுவு, மேலே வேகம். அது ஏறி இறங்கியே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும். அந்தக் கடிதத்தை அன்றைய ஆசிரியர் நீளம் என்று வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். சும்மா சொன்னேன்.

இனி, உங்கள் செய்திக்குக் காரணமான ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஆடி பிறந்து நான்காம் நாள். மாலை ஐந்தரை மணிக்கு நானும் பிளஸ் ஒன் படிக்கும் நான்கு பையன்களும் குன்றில் இருந்தோம். கடைசிக் காத்தாடி எங்களுக்கு ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால். அதற்கு இந்தப் பக்கம் மட்டும்தான் பறக்கவிடுவேன். அந்த ராட்சத இறக்கைகளின் கீழே கால் நூற்றாண்டு நின்றவனுக்கு அதன் மரியாதை தெரியும். கிளைடர் எடை 910 கிராம். எறிவதற்கு முன் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். அந்த நேரம் ஒன்று உண்டு: கையில் எடையே இருக்காது. காற்று வாங்கிக்கொண்டுவிடும். இரண்டு விரலால் பிடித்தாலும் போதும், குட்டிநாய் கயிற்றை இழுப்பது போல இழுக்கும். பையன்கள் அதற்காகவே முறை வைத்துக்கொண்டு பிடிப்பார்கள்.

முன்பக்கம், அதாவது மேற்குச் சரிவில், அரைமணி நேரம் பறந்தது. பிறகு ஆடு மேய்க்கிறவர் கிழக்கே இறங்கிப் போய்விட்டாரா என்று பார்த்துவிட்டுப் பின்பக்கம் விட்டேன். முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் லேசாக ஒரு சீறல். ஐந்தாவதில், ஜவுளிக்கடையில் மல்துணியை ஒரே இழுப்பில் கிழிப்பார்களே, அந்தச் சத்தம். சுற்றுக்கு ஒரு முறை, நான் நிற்கும் இடத்தைக் கடக்கும்போது மட்டும். கழுத்து அதைத் தொடர முடியாது, கட்டைவிரல்தான் தானாக ஓட்டும். பையன் ஒருவன் கைபேசியில் பதிவு செய்த ஒலியை வைத்து, வரும்போது ஒரு சுருதி போகும்போது ஒரு சுருதி என்று பிரித்து, என் மருமகன் பிறகு கணக்குப் போட்டுச் சொன்னது மணிக்கு 140 கி.மீ. கலிஃபோர்னியாக்காரர் கேட்டால் சிரிப்பார். எனக்கு அதுவே உச்சம்.

ஒன்பதாவது சுற்றில் வலது சர்வோவின் பல் உடைந்தது. கிளைடர் ஒரு பக்கமாகப் புரண்டு, கீழே வாழைத் தோட்டத்துக்குள் அம்பு போலப் போனது. குலை தள்ளி முக்கால் விளைந்த ஏத்தன் ஒன்று, நடுத்தண்டில் வெட்டுப்பட்டுச் சாய்ந்தது. தோட்டத்தில் அந்த நேரம் ஆள் இல்லை. இருந்திருந்தால்? இந்தக் கேள்வியை உங்கள் செய்தி கேட்கவில்லை. ராத்திரி படுக்கையில் நானே கேட்டுக்கொண்டேன். ஆட்டுக்காரரைப் பார்த்தேன், தோட்டத்தைப் பார்க்கவில்லை. தப்பு என் மேல்தான். தோட்டத்துக்கு நேர் மேலே இனி பின்பக்கம் விடுவதில்லை. வடக்கே பாறைக்காடு இருக்கிறது; அங்கே விழுந்தால் என் பொருள் மட்டும்தான் உடையும்.

நாங்கள் இறங்கி வருவதற்குள் தோட்டக்கார அண்ணாச்சி வந்து, இறக்கையைப் பார்த்து, தென்னைமட்டையால் தூரத்திலிருந்தே இரண்டு முறை தட்டிப் பார்த்து, வெடிக்கவில்லை என்றதும் சாக்கில் கட்டிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின் சோதனை, இன்னொரு பக்கம் கூடங்குளம். வானத்தில் புதிதாக எது தெரிந்தாலும் நம் ஊர்க்காரர்கள் சந்தேகப்படத்தான் செய்வார்கள், படவும் வேண்டும். நான் போனபோது மேஜை மேல் சாக்கு இருந்தது. எஸ்.ஐ. கேட்டார்:

"ஐயா, இதுல கேமரா எங்க இருக்கு?"

"இல்ல சார்."

"பறக்க வைக்கிற மோட்டார்?"

"அதுவும் இல்ல சார்."

"பெறகு இது எப்படிவே பறக்கு?" என்று அண்ணாச்சி குறுக்கே கேட்டார். அதற்குப் பதில் சொல்ல முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு கான்ஸ்டபிளின் தொப்பியையும் மேஜை விசிறியையும் கடன் வாங்கி விளக்க வேண்டியிருந்தது. கடைசியில் எழுதி வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுத்துவிட்டார்கள். வாழைக்கு அறுநூறு ரூபாய் கொடுத்தேன். அண்ணாச்சி மறுநாள் காலையில் குலையை என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். இரண்டு நாள் உப்பேரி வறுத்தோம்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2021-ல் வந்த ட்ரோன் விதிகளின் கண்ணில் என்னுடையதும் ஆளில்லா வானூர்தி வகைதான், மறுக்கவில்லை. ஆனால் பொழுதுபோக்குக்காகக் கண்ணெதிரே பறக்கவிடும் 25 கிலோவுக்கு உட்பட்ட மாதிரி விமானத்துக்கு அதே விதிகளில் தனி இடமும் சில விலக்குகளும் இருக்கின்றன. 250 கிராமிலிருந்து 2 கிலோ வரை மைக்ரோ வகை; வியாபாரத்துக்கு இல்லை என்றால் ஓட்ட உரிமம் தேவையில்லை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று இடம் பிரித்த வரைபடம் அரசாங்கத்தின் இணையதளத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் குன்றைத் தேர்ந்தெடுத்தேன். செய்தியில் 'அனுமதியின்றி' என்று ஒரு சொல் வருகிறதே, அதை எதை வைத்து எழுதினீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

எனக்கு இந்த வயதில் பேர் கெட்டால் பெரிய நஷ்டமில்லை. என் வருத்தம் அந்த நான்கு பையன்களைப் பற்றியது. செய்தி வந்த அன்றே அவர்கள் வீடுகளில் 'அந்தத் தாத்தா பக்கம் போகாதே' என்று சொல்லிவிட்டார்கள். அதில் ஒருவன், பெயர் வேண்டாம், கணக்கில் முப்பது மார்க் தாண்டாதவன், நான் மேலே எழுதிய 60, 100, 140 கணக்கை மணலில் குச்சியால் எனக்கே திருத்திக் காட்டியவன். உராய்வை நான் மறந்துவிட்டேன் என்று அவன்தான் சொன்னான். கல்யாண மண்டபத்தில் தூக்கிப்போட்ட தெர்மகோலில் அவனாகவே ஒரு கிளைடர் செய்து, மூக்கில் சைக்கிள் நட்டு ஒட்டி வைத்திருக்கிறான். அதை எறிந்து பார்க்க இந்தக் காற்று சீசனில் இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. ஐப்பசியில் கிழக்கிலிருந்து கொண்டல் காற்று வந்துவிட்டால் குன்றின் மேற்கு முகம் செத்துப்போகும்.

ஆகவே என் கோரிக்கை: அதே மாவட்டப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அது கேமரா இல்லாத, இன்ஜின் இல்லாத கிளைடர் என்று ஒரு திருத்தம் போடுங்கள். அந்தப் பெற்றோர்கள் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்கள்.

கிளைடருக்குப் புது சர்வோ போட்டாகிவிட்டது. வரும் ஞாயிறு நாலரை மணிக்குக் குன்றில் இருப்பேன். உங்கள் செய்தியாளர் தம்பி வரலாம், அவரையும் ஒரு முறை எறியவிடுகிறேன். கண்ணாடி போடுபவராக இருந்தால் கயிறு கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காற்றாலை மெக்கானிக்,
கன்னியாகுமரி மாவட்டம்